வெயிட்டான ரைடருக்கு டவுன்ஹில் வீல்: எதை முதல்ல பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும்

நூறு கிலோவ தாண்டின ஆளுங்க டவுன்ஹில், அதாவது கரடுமுரடான மலை இறக்கத்துல வேகமா சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சா சீக்கிரமே பின் வீல் போயிடும், உடனே "நல்ல ஸ்ட்ராங்கான ரிம் ஒண்ணு சொல்லுங்க"ன்னு வந்து நிப்பாங்க. ரிம்முல இருந்து ஆரம்பிக்குறதுதான் பிரச்சனையே. வீல் கட்டிக்கொடுக்குற வேலைல நான் பார்த்த வரைக்கும் ரிம் ஒண்ணு மட்டுமே காரணமா போன வீல் ரொம்ப கம்மி, டயர்ல காத்து பத்தாம போனது, இல்லன்னா ஸ்போக் தளர்ந்து கிடந்தது, இந்த ரெண்டுதான் அதிகம். அந்த ரெண்டையும் சரி பண்ணாம எவ்ளோ கனமான ரிம் போட்டாலும் அதுவும் அதே மாதிரிதான் போகும். அதனால இதுல ரிம்முக்கு ஆறாவது இடம்தான், வரிசைய மாத்தாம போங்க.

கையில தயாரா வச்சுக்க வேண்டியது: ஒரு வெயிட் மெஷின், தனியா ஒரு டிஜிட்டல் காத்து கேஜ் (பம்ப்ல இருக்குற முள்ள நம்பாதீங்க, ஒவ்வொரு பம்ப்பும் ஒவ்வொண்ணு காட்டும்), உங்க ஃப்ரேம், ஃபோர்க் ரெண்டோட மாடல் பேரு, அப்புறம் உடைஞ்சு போன பழைய வீல். அத தூக்கி போட்டுடாதீங்க, ரெண்டாவது ஸ்டெப்புக்கு அதுதான் தேவை.

1. மொத்த வெயிட்ட கணக்கு போடுங்க

வீல் கம்பெனிக்காரங்க போடுற வெயிட் லிமிட்ட பார்க்கும்போது அது ரைடர் வெயிட்டா, இல்ல சிஸ்டம் வெயிட்டான்னு முதல்ல பாருங்க. சிஸ்டம் வெயிட்னா நீங்க, சைக்கிள், ஹெல்மெட், ஆர்மர், ஷூ, பேக், தண்ணி எல்லாம் சேர்த்து. 105 கிலோ ஆளு, 17 கிலோ சைக்கிள், 6 கிலோ கியர்னு வச்சா 128 ஆச்சு. 120 கிலோ சிஸ்டம் லிமிட் போட்ட வீல பார்த்து "நான் 105 தானே"ன்னு வாங்குனா ஏற்கனவே 8 கிலோ தாண்டிட்டீங்க, வாரன்ட்டியும் கேள்விக்குறிதான்.

இந்த வெயிட்ட குளிச்சுட்டு வந்து வெறும் ஆளா நின்னு எடுக்காதீங்க, ஓட்டப் போற கோலத்துல ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டோட சைக்கிளையும் கையில தூக்கிட்டு மெஷின்ல ஏறுங்க. வர்ற நம்பர்தான் நம்பர்.

அடுத்தது வகை. எந்த மாதிரி ஓட்டத்துக்கு செஞ்சதுன்னு சொல்ற ஏஎஸ்டிஎம் எஃப்2043ன்னு ஒரு தரப்பிரிவு இருக்கு, 1-லிருந்து 5 வரை. 3-ல 61 செ.மீ. வரைக்கும் டிராப் (குதிச்சு இறங்குற உயரம்), 4-ல 122 செ.மீ. வரைக்கும், 5-தான் பெரிய ஜம்ப், மணிக்கு 40 கி.மீ.க்கு மேல கரடுமுரடான இறக்கம் எல்லாம். டவுன்ஹில்லுக்கு 5 போட்ட வீல்தான். "என்டூரோ" (ஏத்தமும் இறக்கமும் கலந்து ஓட்டுறது) ஸ்டிக்கர் ஒட்டின வீல் நிறைய 4-ல நிக்கும். 70 கிலோ ஆளு அத வச்சு டவுன்ஹில்ல சமாளிச்சுடுவாரு, அவரு சொன்னத கேட்டு நீங்க வாங்குனா மாட்டிக்குவீங்க.

2. பழைய வீல் எப்படி செத்துச்சுன்னு பாருங்க

இதுதான் எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப். எதனால போச்சுன்னு தெரியாம புதுசு வாங்குறது காய்ச்சல் என்னன்னு பார்க்காம மாத்திரை போடுற மாதிரிதான். பழைய வீல கையில எடுத்து நல்ல வெளிச்சத்துல சுத்தி சுத்தி பாருங்க.

ரிம்மோட ஓரத்துல நசுங்கல், பல்லு பல்லா இருக்கா? அப்போ டயர் அடி வரைக்கும் அமுங்கி ரிம் நேரா கல்லுல இடிச்சிருக்கு. இதுக்கு பதில் காத்துலயும் டயரோட கேசிங்லயும் (டயரோட உடம்பு அடுக்கு) இருக்கு, ரிம்முல இல்ல.

ஸ்போக் ஹப் (வீல் நடுவுல இருக்குற உருளை) பக்கம் வளையுற இடத்துல ஒடிஞ்சிருக்கா, அதுவும் ஒண்ணு மாத்துனதும் ரெண்டு வாரத்துல இன்னொண்ணு ஒடியுதா? இத பார்த்ததும் "ஸ்போக் பத்தல, தடியா போடுங்க"ன்னு சொல்லுவாங்க, ஆனா பெரும்பாலும் டென்ஷன், அதாவது ஸ்போக்கோட இறுக்கம், கம்மியா இருந்ததுதான் காரணம். வீல் தரைல அமுங்கும்போது கீழ இருக்குற ஸ்போக்கோட டென்ஷன் குறையும், மேல வந்ததும் திரும்ப பழைய டென்ஷன் வரும், ஒவ்வொரு சுத்துலயும் இப்படித்தான். வெயிட் கூடக்கூட இந்த இறக்கமும் கூடும். ஆரம்ப டென்ஷனே கம்மின்னா கீழ வரும்போது ஸ்போக் சுத்தமா லூஸ் ஆகி, வளையுற இடம் முன்னும் பின்னும் ஆடி ஆடி களைச்சு ஒடியும். கம்பிய திருப்பித் திருப்பி மடக்குனா ஒடியுற அதே கதைதான்.

நிப்பிள் (ரிம்முல ஸ்போக்க பிடிச்சு இறுக்குற குட்டி நட்டு) பக்கம், மரைல ஒடிஞ்சிருந்தா ஸ்போக் ரிம்முக்குள்ள கோணலா நுழைஞ்சிருக்கு, இல்லன்னா ஸ்போக் நீளம் பத்தாம நிப்பிள்ல பாதி மரைதான் பிடிச்சிருக்கு. ரிம்முல ஸ்போக் ஓட்டைய சுத்தி மெல்லிசா விரிசல் இருந்தா டென்ஷன் அளவுக்கு மேல போயிருக்கு, இல்ல ரிம் வயசாகி களைச்சிருக்கு. வீல் அப்பளம் மாதிரி மடங்கிட்டா சைக்கிள் கோணலா லேண்ட் ஆகி பக்கவாட்டுல அடி வாங்கியிருக்கு, இங்க மட்டும் வீலோட அமைப்பு, அதாவது ஹப் அகலம், ஸ்போக் எண்ணிக்கை, டென்ஷன் மூணுமே சேர்ந்து விசாரணைக்கு வரும்.

பெடல் மிதிக்கும்போது டக்குன்னு வழுக்குதா, சத்தமா ஒரு தாவு தாவுதா? அது ஹப், ரிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

3. வீல் வாங்கறதுக்கு முன்னாடி டயர முடிவு பண்ணுங்க

ரிம்ம காப்பாத்துறது முதல்ல டயர்தான். பின்னாடி டவுன்ஹில் கேசிங் போட்டே ஆகணும், இதுல பேரம் பேசாதீங்க. மேக்சிஸ்ல டிஹெச், ஷ்வால்பேல சூப்பர் டவுன்ஹில்னு ஒவ்வொருத்தரும் ஒரு பேரு வச்சிருப்பாங்க, ஒண்ணு 1.2 கிலோவுக்கு மேல வரும், ஏத்தத்துல திட்டிக்கிட்டே போவீங்க, பரவாயில்ல. வெயிட் குறைக்கணும்னு ஆசை இருந்தா முன்னாடி ஒரு படி மெல்லிசான கேசிங்குக்கு போங்க, பின்னாடி வேணாம். உங்க வெயிட்டும் கல்லு அடியும் அதிகமா விழுறது அங்கதான்.

காத்து எவ்ளோங்கறதுக்கு எல்லாருக்கும் ஒரே நம்பர் கிடையாது. 100 கிலோவுக்கு மேல, 2.4-2.5 இன்ச் டவுன்ஹில் டயர், டியூப்லெஸ்னா முன்னாடி 26 பிஎஸ்ஐ, பின்னாடி 30-32 பிஎஸ்ஐ வச்சு ஆரம்பிங்க, அப்புறம் ஒரு ஒரு பிஎஸ்ஐயா குறைச்சுப் பாருங்க, ரிம் இடிக்கிற "டங்" சத்தம் வந்ததுமே ரெண்டு பிஎஸ்ஐ ஏத்திட்டு அங்க நிறுத்துங்க. ரிம்முலயும் டயர்லயும் போட்டிருக்குற அதிகபட்ச அளவ தாண்டக்கூடாது.

புதுசா வர்றவங்க பண்றது என்னன்னா, கிரிப்புக்காக வேகமா ஓட்டுற 65 கிலோ பையன் 23 பிஎஸ்ஐ வைக்கிறான்னு பார்த்து தானும் 23 வைப்பாங்க. அவன் வெயிட்டுக்கு அது சரி, உங்களுக்கு அது ரிம்முக்கு வைக்கிற உலை.

டயருக்குள்ள ஃபோம் இன்சர்ட் போடுறது பின்னாடிக்கு நல்ல விஷயம், ரிம் ஓரத்துக்கு ஒரு மெத்தை கிடைக்கும், டயர் பக்கவாட்டுல சாயறதும் குறையும். ஆனா இன்சர்ட் போட்டாச்சேன்னு காத்த அஞ்சாறு பிஎஸ்ஐ இறக்கிட்டா போட்டதுக்கு பலனே இல்லாம போயிடும்.

4. ஃப்ரேமும் ஃபோர்க்கும் எந்த அளவு கேக்குது

இது போரடிக்கிற வேலை, ஆனா வீல திருப்பி அனுப்புறதுல நிறைய இதனாலதான். பின்னாடி ஆக்ஸில் (தடிமன் x அகலம், மி.மீ.ல) 12x148, 12x150, 12x157 இதுல எது? 150-க்கும் 157-க்கும் பல ஹப்ல எண்ட் கேப் (ஹப் முனைல மாட்டுற மூடி) மாத்துனா போதும், 148-லிருந்து 157-க்கு அப்படி நம்பி போகாதீங்க. முன்னாடி 15x110 பூஸ்ட்டா (ஹப்போட உள் அமைப்பு அகலமா வர்ற வகை), 20x110-ஆ, 20x110 பூஸ்ட்டா? கடைசி ரெண்டுக்கும் ஆக்ஸில் அளவு ஒண்ணேதான், வீல் ஃபோர்க்குக்குள்ள அழகா போய் உக்காந்துடும், ஆனா ரோட்டார் (டிஸ்க் பிரேக் தட்டு) உக்கார்ற இடம் 5 மி.மீ. வித்தியாசம், பிரேக் கேலிபர் நடுவுல ரோட்டார் நிக்காது. மாடல் பேர வச்சு கம்பெனி பேஜ்ல பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

ஒரே மாதிரி ரெண்டு ஹப் கிடைச்சா ஃப்ளாஞ்ச் (ஹப்ல ஸ்போக் மாட்டுற வட்ட விளிம்பு) ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்குறத எடுங்க. ஸ்போக் விரிஞ்சு நிக்கும், பக்கவாட்டு அடிக்கு அதுதான் பலம்.

வீல் சைஸ் பத்தி ஒரு வார்த்தை. ஃப்ரேம் ஒத்துக்கும்னா முன்னாடி 29 இன்ச், பின்னாடி 27.5 இன்ச் போடுறது வெயிட்டான ஆளுக்கு நல்லாவே ஒத்துவரும், சின்ன வீல்ல ஸ்போக் குட்டை, அதே ரிம், அதே ஹப்னாலும் விறைப்பா நிக்கும். உலக சைக்கிள் ரேஸ் சங்கமான யூசிஐயே 2019-ல இருந்து ரேஸ்ல இந்த கலப்ப அனுமதிச்சிடுச்சு. ஆனா 29-க்குன்னே செஞ்ச ஃப்ரேம்ல சும்மா பின் வீல மட்டும் சின்னதா மாத்துனா பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற அச்சு இருக்குற இடம்) இறங்கி பெடல் கல்லுல இடிக்கும், ஃப்ரேம்காரங்க ஒத்துக்கறாங்களான்னு பார்த்துட்டு பண்ணுங்க.

5. ஹப், ஓட்டை எண்ணிக்கை

ஹப்ப ரிம்முக்கு முன்னாடி எடுக்கச் சொல்றது ஏன்னா ஓட்டை எண்ணிக்கை ஹப்லயே முடிவாகிடும், 28 ஓட்டை ஹப் வாங்கிட்டு 32 ஓட்டை ரிம் தேட முடியாது. பின்னாடி 32, இதுல யோசனையே வேணாம். முன்னாடி 28 போதும்னு சொல்லுவாங்க, போதும்தான், ஆனா நாலு ஸ்போக்ல மிச்சமாகுற வெயிட் உங்க மொத்த வெயிட்டுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அதனால முன்னாடியும் 32 போடுங்க. 36-ம் இருக்கு, ஆனா அதுக்கு டவுன்ஹில் ரிம் தேடி அலையணும்.

ஃப்ரீஹப் (பெடல் மிதிச்சா பிடிச்சு, விட்டா சும்மா சுத்துற பின் ஹப் பகுதி) உள்ள பல்லு எத்தனைங்கறதுல மயங்காதீங்க. நூத்துக்கும் மேல என்கேஜ்மெண்ட் பாயிண்ட்னு (ஒரு சுத்துல பல்லு கவ்வுற இடங்கள்) விளம்பரம் போடுவாங்க. பல்லு பொடிசாகப் பொடிசாக ஒவ்வொண்ணும் முழுசா கவ்வி நிக்கிறது முக்கியமாகுது, கொஞ்சம் அழுக்கோ கெட்டி கிரீஸோ இருந்து அரைகுறையா கவ்வும்போது வெயிட்டான ஆளு எழுந்து நின்னு மிதிச்சா வழுக்கும், பல்லு சிதையும். டவுன்ஹில்ல பெடல் போடுறதே கம்மி, அதுக்கு எதுக்கு உடனடி பிடிப்பு? டிடி ஸ்விஸ் 350-ல வர்ற 36 பல்லு ராட்செட் மாதிரி பெரிய பல்லு வச்ச ஹப் தாராளம். இன்னொண்ணு, பல்லு கம்மியா இருந்தா சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் பெடல பின்னாடி இழுக்குறதும் கம்மியா தெரியும்.

ஃப்ரீஹப் பாடி அலுமினியமா இருந்தா, தனித்தனி பல்சக்கரமா வர்ற கேசட் அதுல பள்ளம் பறிக்கும், வெயிட்டான ஆளுக்கு சீக்கிரமாவே. ஸ்டீல் பாடி கிடைச்சா அத எடுங்க. டவுன்ஹில் மட்டும்தான் ஓட்டப் போறீங்கன்னா 7 ஸ்பீடுக்குன்னே வர்ற குட்டை ஃப்ரீஹப் ஹப்பும் இருக்கு, அதுல வலது ஃப்ளாஞ்ச் வெளிய தள்ளி வர்றதால ரெண்டு பக்க ஸ்போக் டென்ஷனும் கிட்டத்தட்ட சமமாகும், இது பெரிய லாபம், ஏன்னா பின் வீல்ல எப்பவும் இடது பக்க ஸ்போக்தான் தளர்வா கிடந்து முதல்ல பிரச்சனை பண்ணும்.

6. இப்போ ரிம்

அலுமினியமா கார்பனா? பின்னாடி அலுமினியம். அடி வாங்குனா நசுங்கும், நசுங்குனத கொஞ்சம் நிமித்திக்கலாம், பெண்டு எடுத்துக்கலாம், அன்னிக்கு ரைடு முடிச்சு வீட்டுக்கு வரலாம். கார்பன் நசுங்காது, தாங்குற வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் விரிசல் விட்டுடும். நல்ல கார்பன் ரிம் பலமானதுதான், அத குறை சொல்லல, வாழ்நாள் வாரன்ட்டி தர்ற கம்பெனியும் இருக்கு, ஆனா அந்த வாரன்ட்டில வெயிட் லிமிட் என்ன போட்டிருக்காங்கன்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. கையில காசு இருந்து கார்பன் ஆசையும் இருந்தா முன்னாடி போட்டுக்கோங்க.

உள் அகலம் 30 மி.மீ. பக்கத்துல இருந்தா 2.4-2.5 டயர் சரியா உக்காரும். 35-க்கு போனா டயர் சதுரமா விரிஞ்சு, ரிம் ஓரமும் வெளிய வந்து கல்லு அடிக்கு ஏதுவாகும். டிடி ஸ்விஸ் இஎக்ஸ் 511 மாதிரி 30 மி.மீ. ரிம்மெல்லாம் இதனாலதான் பலரும் திரும்பத் திரும்ப எடுக்குறாங்க.

ரிம்மோட வெயிட்டையும் பாருங்க, இங்க கனம்தான் நல்லது. ஒரே கம்பெனில ஒரே அகலத்துல ரெண்டு ரிம் இருந்து ஒண்ணு 80-100 கிராம் கூடுதலா இருந்தா அந்த மெட்டீரியல் ஓரத்துலயும் ஸ்போக் ஓட்டை பக்கமும்தான் சேர்த்திருப்பாங்க, அதுதான் உங்களுக்கு வேணும். ஜாயிண்ட் வெல்டிங் பண்ணதா இருந்தா நல்லது. ஓட்டை நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளியிருக்குற ரிம் கிடைச்சா பின்னாடிக்கு எடுங்க, ரெண்டு பக்க டென்ஷன் வித்தியாசத்த அது குறைக்கும்.

அப்புறம், ரிம்முக்கு அதிகபட்ச ஸ்போக் டென்ஷன் எவ்ளோன்னு குறிச்சு வச்சுக்கோங்க. அது இல்லாம எட்டாவது ஸ்டெப் முடியாது.

7. ஸ்போக், நிப்பிள்

முழுக்க 2 மி.மீ. தடியான ஸ்போக்தான் பலம்னு நினைக்கிறது இயல்பு. ஆனா ரெண்டு முனைல 2.0, நடுவுல 1.8 இருக்குற பட்டட் ஸ்போக் இன்னும் நாள் உழைக்கும், நடுப்பகுதி லேசா நீண்டு குறுகி அதிர்ச்சிய வாங்கிக்கும், வளையுற இடத்துக்கு அந்த அடி போகாது, டென்ஷனும் சட்டுனு பூஜ்யத்துக்கு இறங்காது. இன்னும் ஒரு படி மேல போகணும்னா வளையுற இடம் மட்டும் தடிச்சு வர்ற ஸ்போக் இருக்கு, டிடி ஸ்விஸ் ஆல்பைன் 3-ல அது 2.34 - 1.8 - 2.0 மி.மீ. 110 கிலோவுக்கு மேல இருந்தா பின்னாடிக்கு நான் இதத்தான் போடுவேன். உங்க ஹப் ஓட்டைக்குள்ள அந்த தடிச்ச பகுதி போகுமான்னு மட்டும் முதல்ல பாருங்க.

தட்டையான ஏரோ ஸ்போக், ரொம்ப மெல்லிசான 1.5 எல்லாம் வேணாம். தலை வளைஞ்ச ஸ்போக்கா நேரான ஸ்போக்கான்னு ஒரு சண்டை நடக்கும், பலத்துல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஒடிஞ்சா எந்த கடைலயும் கிடைக்கிறது வளைஞ்சதுதான்.

நிப்பிள் பித்தளை. அலுமினியத்துல மிச்சமாகுறது சில கிராம், அதுக்கு பதிலா சீலண்ட் (டியூப்லெஸ் டயருக்குள்ள ஊத்துற ஓட்டை அடைக்கிற திரவம்) பட்டு அரிச்சு, டென்ஷன் ஏத்தும்போது முனை மழுங்கி உயிர வாங்கும். லேசிங் (ஸ்போக் பின்னுற முறை) 3 கிராஸ், அதாவது ஒவ்வொரு ஸ்போக்கும் மத்த மூணு ஸ்போக்க குறுக்க கடந்து போற மாதிரி.

8. கட்டுறது, டென்ஷன் பார்க்குறது

மேல சொன்ன அத்தனையும் சரியா வாங்கிட்டு இங்க கோட்டை விட்டா எல்லாம் வீண். மெஷின்ல கட்டி பெட்டில வர்ற வீல் கோட்டமில்லாம சுத்தும், பார்க்க அழகா இருக்கும், ஆனா கோட்டம் இல்லங்கறதும் டென்ஷன் சமமா இருக்குங்கறதும் வேற வேற. ஒரு ஸ்போக் இறுகலாவும் பக்கத்து ஸ்போக் தளர்வாவும் இருந்து ரெண்டும் ஒண்ண ஒண்ணு ஈடுகட்டி வீல் நேரா நிக்கும், வெயிட் ஏறுனதும் தளர்ந்தது இன்னும் தளரும்.

டென்ஷன் மீட்டர் வச்சு அளங்க, இல்லன்னா அளக்கத் தெரிஞ்சவர்கிட்ட குடுங்க. பல ரிம்முக்கு உச்சவரம்பு 1200 நியூட்டன் பக்கத்துல இருக்கும், பின்னாடி கேசட் பக்கமும் முன்னாடி டிஸ்க் பக்கமும் அந்த வரம்ப ஒட்டி கொஞ்சம் கீழ நிறுத்துங்க, எதிர்ப்பக்கம் தானா குறைஞ்சுதான் வரும். ஒரே பக்கத்து ஸ்போக்குகளுக்குள்ள வித்தியாசம் சராசரில இருந்து 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சைக்கிள் டூல் கம்பெனியான பார்க் டூல் சொல்லுது, வெயிட்டான ஆளுக்கு நான் அத பத்துக்குள்ள கொண்டுவரப் பார்ப்பேன். மீட்டர் இல்லாத இடத்துல ஸ்போக்க சுண்டிப் பாருங்க, ஒரே பக்கத்துல எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுதில கேக்கணும், ஒண்ணு மட்டும் "தொப்"னு விழுந்தா அதுதான் ஆளு.

ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்றத விட்டுடாதீங்க. கிளவுஸ் போட்டுட்டு இணையா போற ஸ்போக்க ரெண்டு ரெண்டா கையால நல்லா நெரிச்சு விடுங்க, சுத்தி முழுக்க. ஸ்போக் ஹப்புலயும் நிப்பிள்லயும் ஒழுங்கா உக்காரும், முறுக்கு இருந்தா அவுரும். அப்புறம் திரும்ப கோட்டம் பாருங்க, கண்டிப்பா கொஞ்சம் மாறியிருக்கும்.

டயர் ஏத்தி காத்து அடிச்சதும் டென்ஷன் கொஞ்சம் இறங்கும், ரிம்ம டயர் சுத்தி நெருக்குறதால அப்படித்தான் ஆகும், பயப்படாதீங்க. மேல சொன்ன டென்ஷன் அளவெல்லாம் டயர் இல்லாம எடுக்குறதுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, இல்லன்னா டயரோட அளந்துட்டு கம்மியா இருக்கேன்னு ஏத்தி ரிம்ம விரிசல் விட வச்சிடுவீங்க.

9. ஓட்ட ஆரம்பிச்ச அப்புறம்

முதல் ரைடுல "டிங் டிங்"னு சத்தம் வந்தா முறுக்கு அவுருது, ஒரு ரெண்டு இறக்கத்துல நின்னுடணும். அந்த நாள் முடிஞ்சதும் டென்ஷன திரும்ப பாருங்க, ரெண்டாவது மூணாவது நாள் ஓட்டின அப்புறமும் ஒரு தடவ. புது வீல்ல இத பண்ணாதவங்கதான் பெரும்பாலும் மூணே மாசத்துல ஸ்போக் ஒடிஞ்சு வந்து நிக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ரைடுக்கு முன்னாடியும் ரெண்டு கையால ஸ்போக்க ஜோடி ஜோடியா பிடிச்சு பார்த்தா போதும், ஒரு நிமிஷ வேலை.

ஒரு ஸ்போக் ஒடிஞ்சா அத மாத்திட்டு முழு வீலையும் அளங்க. மூணாவது ஸ்போக்கும் அதே பக்கத்துல ஒடிஞ்சா இனி ஒண்ணு ஒண்ணா மாத்தாதீங்க, அந்த பக்கத்து ஸ்போக் எல்லாமே களைச்சிருக்கும், மொத்தமா மாத்துங்க.

ரிம் ஓரத்துல சின்ன நசுங்கல், டயர் காத்த பிடிச்சு நிக்குதுன்னா ஓட்டலாம். ஓட்டைய சுத்தி விரிசல் வந்தா, இல்ல கோட்டத்த நேராக்க ஒரு பக்கம் வரம்ப தாண்டி இறுக்கியும் எதிர்ல தளர விட்டும்தான் ஆகணும்னு வந்தா, அந்த ரிம்முக்கு டாட்டா. அதே மாடல் ரிம்ம வாங்குனா, இல்ல உள் விட்டம் அதே அளவா இருக்குற வேற ரிம்ம வாங்குனா, ஹப்பையும் அடி படாத ஸ்போக்கையும் அப்படியே வச்சு புது ரிம்ம பழசோட சேர்த்து டேப் போட்டு ஒட்டிட்டு ஸ்போக்க ஒண்ணு ஒண்ணா மாத்திக்கலாம். அதனால வீல் கட்டுன அன்னிக்கே ரிம் மாடல், இடது வலது ஸ்போக் நீளம் ரெண்டையும் எழுதி வச்சுட்டு, ஒவ்வொரு நீளத்துலயும் நாலு ஸ்போக் நிப்பிளோட சேர்த்து பைல போட்டு வைங்க.